மச்சான் பிடிக்கும் கயிறு

காலையில் எழுந்ததும் அவன் செய்வதெல்லாம் ஒரே வரிசையில் நடக்கும். வாசலில் தொங்கும் ஈரச் சாக்கை எடுத்துப் பிழிவான். கறுப்பாகத் தண்ணீர் வடியும். மறுபடி நனைத்து மாட்டுவான். குடத்தின் வாயில் கட்டிய துணியை வெளியே கொண்டுபோய் உதறுவான். அடுப்பு மூட்டித் தேநீருக்குத் தண்ணீர் வைப்பான். பாப்பாவின் மூக்கைத் துடைத்துவிடுவான். துணியில் இரண்டு கறுப்புப் பொட்டு விழும். அவள் கண்ணைத் திறக்காமலே இருமுவாள். முதுகைத் தடவிக் கொடுப்பான். இருமல் அடங்கியதும் கொல்லைப்பக்கம் போவான்.

அன்று கொல்லையில், தொட்டிக்குள் கயிறு இல்லை.

தேனெடுக்கப் பாறைக்குப் போவதென்றால் முந்தின நாளே கொடிநார்க் கயிற்றைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஊறினால்தான் வளையும், கைக்கு அடங்கும். அவன்தான் போட்டான். மேலே கல்லும் வைத்தான். இப்போது கல் தொட்டியின் விளிம்பில் இருந்தது. கயிறு, அழகாகச் சுருட்டி, சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மண் இன்னும் சரியாக நனையக்கூட இல்லை.

மச்சான் வந்து எடுத்து வைத்திருப்பான் என்று நினைத்தான். அதற்குமேல் நினைக்கவில்லை. மனைவி போனதிலிருந்து ஒரு நினைப்பின் மேல் இன்னொரு நினைப்பை ஏற்றுவதை அவன் நிறுத்தியிருந்தான்.

வெளியே விடிந்திருந்தது என்று ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். எதிர்வீட்டுத் தகரம் தெரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்காரர்கள் நிலம் சுத்தம் பண்ண வைத்த தீ, காற்று திரும்பியதும் இந்தப் பக்கம் வந்தது. கிழங்குக் காடு போயிற்று. நெல்லிச் சரிவு போயிற்று. குங்கிலிய மரங்கள் தங்கள் பிசினாலேயே பந்தம் மாதிரி நின்று எரிந்தன. துடைப்பப்புல் மேடு ஒரே மூச்சில் போயிற்று. பாதி ஊர் சாம்பலாகி, அந்தச் சாம்பல் மேல்தான் இந்தத் தகர வீடுகள். தீ அடங்கியது. புகை அடங்கவில்லை. போக வழி தெரியாத விருந்தாளி மாதிரி பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டது.

சாலை முடியும் இடத்தில் கூட்டுறவு லாரி விளக்கு எரியவிட்டு நின்றிருந்தது. டிரைவர் துண்டால் மூக்கைக் கட்டியிருந்தார்.

"என்ன டிகிரி, இந்த நடையும் சும்மாதானா?"

ஊரில் காலேஜ் வரைக்கும் போன ஒரே ஆள் அவன். அதனால் டிகிரி. பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கூப்பிட்டு அவனுக்கு நினைவில்லை.

"மேல் பாறைல ஒரு தேனடை இருக்காம்ணே. மச்சான் பாத்துட்டு வந்திருக்கான்."

"ஒரு அடைக்கு ஒரு லாரி. நல்ல கணக்கு. பி.காம்னா சும்மாவா?" டிரைவர் சிரிக்கப் போய் இருமினார். "சாயங்காலம் வரைக்கும் நிக்கிறேன். ஒரு டின்னாவது ஏத்துப்பா. இந்தத் தடவையும் காலி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினா ரூட்டையே தூக்கிடுவாங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

அவன் தலையாட்டினான். லாரி நின்றால் தேன் நின்றது, மெழுகு நின்றது. காடு இருந்தாலும் இல்லாத கதைதான். எஸ்டேட் மேஸ்திரி ஏற்கெனவே வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தான். எரிந்த இடத்தில் நாற்று நட ஆள் வேண்டுமாம்.

மச்சான் வீட்டு வாசலில் பாப்பாவை இறக்கிவிட்டான். மச்சான் அவன் மனைவியின் தம்பி. ஒல்லி. பேச்சுக்குப் பேச்சு சிரிப்பான். இப்போது சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிடுகிறது.

"அப்பா, நீ வரும்போது இருட்டிடுமா?" என்றாள் பாப்பா.

"இல்ல."

"இப்பவே இருட்டாத்தானே இருக்கு?"

மச்சான் மனைவி குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். "நீங்க போங்கண்ணா. இவளை நான் பாத்துக்கறேன். இந்தாளு இருமிக்கிட்டே கயிறு பிடிக்கப்போறாரு, அதைத்தான் நீங்க பாத்துக்கணும்."

"இருமல் வாய்லதான்டி. கையில இல்ல," என்றான் மச்சான்.

இருவரும் நடந்தார்கள். பாதையைக் கால்தான் கண்டுபிடித்தது.

"கயிறை எடுத்து மாட்டினியே, சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"நான் எங்க மாமா வந்தேன்?" மச்சான் நின்றான். "அந்தக் கயிறைத் தொடவே பிடிக்கலன்னு நேத்தே சொன்னேனே. நீங்கதான் கேக்கல."

பாறையில் தேனெடுப்பவனுக்கு யார் வேண்டுமானாலும் கயிறு பிடித்துவிட முடியாது. மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடித்தால் பங்குச் சண்டை ஞாபகம் வரலாம். கூட்டாளிக்குக் கை வலிக்கலாம். மச்சானுக்கு மட்டும் கை வலிக்காது. கீழே தொங்குவது அவன் அக்காளின் வாழ்க்கை. தலைமுறை தலைமுறையாக இந்த ஏற்பாட்டில்தான் பாறையில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள்.

அக்காள் இப்போது இல்லை. கொஞ்ச தூரம் போனபிறகு மச்சானே பேசினான்.

"இனிமே நான் விட்டுட்டாலும் கேக்க ஆள் இல்ல மாமா."

சிரிப்புக்குத்தான் சொன்னான். சிரிப்பு வரவில்லை.

கயிறு அவன் தோளில் கனத்தது. அது ஒன்றுதான் ஊரில் மிஞ்சியிருந்தது. மற்ற கயிறெல்லாம் வீடுகளோடு எரிந்தன. இது அன்று வீட்டில் இல்லை. அன்று அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. ஆஸ்பத்திரி ஜீப் புகைக்குள் வர முடியாது என்று கீழேயே நின்றுவிட்டது. அவளைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டி, இறக்கத்தில் சரிந்துவிடாமல் இந்தக் கயிற்றால் சுற்றி, அவன் முன்னாலும் மச்சான் பின்னாலுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜீப்பருகே வந்து கம்பை இறக்கியபோது மச்சான்தான் முதலில் பார்த்தான்.

பிணம் சுமந்த கயிறு பாறைக்கு ஆகாது என்பது ஊர்ப்பேச்சு. கயிறு அந்தப் பாரத்தைப் பழகிக்கொள்ளும்; பிறகு வேறு பாரம் அதற்கு ஒப்பாது.

"நார் மச்சான். நாருக்கு என்ன தெரியும்?" என்று அவன் முந்தின நாள் சொல்லியிருந்தான்.

"பி.காம்ல கயிறு பாடமும் உண்டா மாமா?"

வேறு கயிறு இல்லை. பேச்சு அதோடு முடிந்தது.

பாறை உச்சியில் எப்போதும் கட்டும் மரம் நின்றது. சுற்றிலும் கரி. அது மட்டும் பச்சையாக, தீ தன்னைக் கேள்விப்படவே இல்லை என்பதுபோல் நின்றது. மரத்துக்குப் பின்னால் பாறையில் இரண்டு சிறு குழிகள். கயிறு பிடிப்பவன் உட்கார்ந்து குதிகாலை ஊன்றிக்கொள்ளும் இடம். எத்தனையோ மச்சான்களின் குதிகால் தேய்த்துக் குடைந்தது.

"மண்ணு சுடுது மாமா," என்றான் மச்சான், காலை மாற்றி மாற்றி வைத்து.

"வெயில் பட்டிருக்கும்."

"எந்த வெயில்?"

அவன் கயிற்றை மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். தொடைக்கு ஒரு வளையம். இடுப்பில் தகர டின், வெட்டுக்கத்தி. மச்சான் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, குழிகளில் குதிகால் ஊன்றி உட்கார்ந்தான். பாறையில் கத்திப் பேசுவதில்லை. ஏற்று, இறக்கு என்ற சொற்களையும் அங்கே சொல்வதில்லை. இறக்கு என்பதற்குள் சாவு இருக்கிறது. கயிறுதான் பேசும். ஒரு இழுப்பு இழுத்தால் 'கொடு'. இரண்டு இழுத்தால் 'வாங்கு'.

ஒரு இழுப்பு.

மச்சான் கொடுத்தான்.

விளிம்பு தலைக்கு மேல் போன பிறகு உலகம் என்று ஒன்று இல்லை. முன்னால் ஒரு கையளவு பாறை, அதில் வழியும் கறுத்த ஈரம், முதுகுப் பக்கம் எல்லை தெரியாத வெளிர்ப்பழுப்பு, எரிந்த இலையும் வெந்த மண்ணும் எங்கோ செத்த பிராணி ஒன்றும் கலந்து தொண்டையில் துணி மாதிரி ஒட்டும் வாடை, மேலேயிருந்து விட்டுவிட்டு வரும் மச்சானின் இருமல் — அந்த இருமல் மட்டும்தான் மேல் எது, கீழ் எது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மச்சான் கயிறு விடுவதும் அவன் இருமுவது மாதிரியேதான். வெட்டி வெட்டி. ஒவ்வொரு இருமலுக்கும் கயிறு ஒரு துள்ளு துள்ளும். எத்தனையோ வருஷப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு தொங்கினாலும் அது மச்சானின் கை என்று அவன் உடம்பு சொல்லிவிடும்.

பயம் இருக்கிறதா என்று தனக்குள் பார்த்தான். இல்லை. எதுவும் இல்லை. பாப்பாவின் இருமல் மட்டும் எங்கோ ஒரு மூலையில் கேட்டது. நான் விழுந்தால் அவளுக்கு யாரும் இல்லை என்று ஒரு வாக்கியம் வந்தது. வந்து, வந்த வழியே போயிற்று.

தேனடை தெரிந்தது.

பெரிய அடை. ஆள் மார்பளவு. பாறையின் அடிவயிற்றில் கறுப்பாக ஒட்டியிருந்தது. மலைத்தேனீ இப்படி ஒன்றன்மேல் ஒன்று போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆள் நெருங்கினால் மேலிருந்து கீழே ஒரு அலை ஓடும், சீறும். அதற்குத்தான் புகை போடுவார்கள். இன்று புகை போட வேண்டியிருக்கவில்லை.

அலை ஓடவில்லை.

கத்தியின் முனையால் தொட்டான். ஒன்றும் பறக்கவில்லை. விரலால் தொட்டான். சருகு மாதிரி இருந்தது. எல்லாம் செத்திருந்தன, உட்கார்ந்த இடத்திலேயே, ஒன்றின் காலை ஒன்று பிடித்தபடி, அடையை விடாமல் செத்திருந்தன. பூ இல்லாத காட்டில் காத்திருந்து காத்திருந்து.

அடைக்குள் தேன் இருக்கலாம். கொஞ்சமாவது. மேல்பக்கம்தான் தேன் இருக்கும், அவன் அதற்குக் கீழே வந்துவிட்டிருந்தான். எட்டி வெட்டினான். துண்டு கையில் வந்தது. காற்று மாதிரி இருந்தது. பிழிந்தான். மெழுகு நொறுங்கியது. இன்னொன்று. நொறுங்கியது. ஒரு டின், என்று சொல்லியிருந்தார் டிரைவர். அடையின் மறுபக்கம் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் இறங்கி, பக்கவாட்டில் கால் ஊன்ற வேண்டும்.

ஒரு இழுப்பு.

கயிறு வந்தது.

வந்த பிறகுதான் கவனித்தான். துள்ளவில்லை.

எண்ணெய் ஊற்றுவது மாதிரி வந்தது. ஒரே சீராக. அவன் கால் படவேண்டிய இடத்துக்கு வந்து, தானாக நின்றது. அவன் நிறுத்தச் சொல்லவில்லை.

மேலே இருமலும் இல்லை.

எப்போது நின்றது? நினைவில்லை. மச்சானுக்கு இருமல் அடங்கியிருக்கும், அதனால் கை நிதானமாகியிருக்கும். அப்படித்தான் இருக்கும். அவன் மறுபக்கத்தை வெட்டினான். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு அடை கனமாக இருந்தது. தேன் கறுப்பாக, புகை வாடையோடு, மெதுவாக டின்னில் இறங்கியது. அடி மறைந்தது. அவ்வளவுதான் இருந்தது.

அப்போது பெரிய சத்தம் கேட்டது. மேலே ஏதோ முறிந்தது. பக்கத்தில் எதுவோ பெரிதாக, கிளைகள் பாறையைக் கீறிக்கொண்டே, புகைக்குள் போனது. கீழே மோதியது. கூழாங்கற்கள் அவன் தலைமேல் உதிர்ந்தன. கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாறையோடு ஒட்டினான். செத்த தேனீக்கள் மழை மாதிரி விழுந்தன.

கயிறு அசையவில்லை.

நல்ல பிடி, என்று நினைத்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இருமல் கேட்டது. மச்சானின் இருமல். உயிர் வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

கீழேயிருந்து கேட்டது.

"மாமா!"

"மாமா! இருக்கீங்களா? தொங்குறீங்களா?"

"எங்க இருக்க?"

"கீழ. ஓடைல." இருமல். அழுகையும் கலந்திருந்தது. "ரத்தமா வந்துச்சு மாமா. மூச்சே விட முடியல. மரத்துல கட்டிட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு ஓடியாந்துடலாம்னு வந்தேன். உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன், உங்களுக்குக் கேக்கல. விட்டுட்டு வந்தது தப்புதான். தப்புதான் மாமா."

"எப்ப வந்த?"

"நீங்க அடைகிட்ட போனப்பவே."

அவன் கயிற்றைப் பார்த்தான். அது நேராக மேலே போய் புகைக்குள் மறைந்தது. அடைகிட்ட போன பிறகு ஒரு முறை கேட்டான். ஒரு முறை கொடுத்தது.

"மாமா, அசையாதீங்க. தயவுசெஞ்சு அசையாதீங்க." மச்சானின் குரல் உடைந்தது. "மரம் இங்க கிடக்கு. நான் கட்டின மரம். வேரெல்லாம் உள்ளுக்குள்ளயே வெந்து போயிருக்கு. மேல பச்சை, கீழ கரி. என் முன்னாடிதான் வந்து விழுந்துச்சு."

"கயிறு?"

"மச்சான். மரத்துல கயிறு இருக்கா?"

"இல்ல மாமா."

"அறுந்திருக்கா?"

"கயிறே இல்ல. நான் போட்ட முடிச்சு இல்ல. யாரோ அவுத்திருக்காங்க." பிறகு, மெதுவாக, குழந்தை கேட்பதுபோல்: "உங்களை யாரு மாமா பிடிச்சிருக்கா?"

அவன் மேலே பார்த்தான். பழுப்பு. வேறொன்றுமில்லை.

காற்று இல்லை. கயிற்றில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. மனுஷக் கை என்றால் நடுங்கும். மூச்சு விட்டால் கயிறு மூச்சு விடும். இது விடவில்லை.

இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். மேலே போக வேறு வழி இல்லை. கீழே குதிக்கும் உயரம் இல்லை. பாப்பா மச்சான் வீட்டில் இருக்கிறாள். இருட்டுமுன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

கை எழவில்லை.

அவன் இழுக்கவில்லை. அது வாங்கத் தொடங்கியது.

சீராக. அவசரம் இல்லாமல். அடை அவனைக் கடந்து கீழே போனது. அவனுடைய டின் பாறையில் தட்டித் தட்டி வந்தது. கீழே மச்சான் ஏதோ கத்தினான். சொல் கேட்கவில்லை. பிறகு கத்தலும் கேட்கவில்லை.

பயம் இருக்கிறதா என்று பார்த்தான்.

இருந்தது.

இத்தனை நாளில் முதல்முறையாக உடம்பில் ஏதோ ஒன்று இருந்தது. பாப்பாவைக் கூப்பிட வாயெடுத்தான். கத்தியை எடுத்தான். கயிற்றில் வைத்தான். வெட்டினால் விழுவான். எடுத்துவிட்டான்.

விளிம்பு.

முழங்கையை மேலே போட்டான். மற்ற முழங்கை. கன்னம் பாறையில் பட்டது. பாறை சுட்டது. மரம் இருந்த இடத்தில் குழி. குழிக்குள் சிவப்பாக வேர்கள். மேலே மெல்லிய புகை.

கயிறு அந்தக் குழிக்கு மேலே போனது. நேராக. தரையில் படாமல். ஒருவர் உட்கார்ந்து பிடித்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில்.

பாறையில் இரண்டு சிறு குழிகள்.

இரண்டிலும் குதிகால்கள்.

பாதங்கள் அவனைப் பார்த்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் புகை. கணுக்கால் வரைதான் தெரிந்தது. எல்லார் காலும் கரியான ஊரில், அந்தப் பாதங்களில் ஒரு தூசி இல்லை. விரல் இடுக்கில்கூட இல்லை. சுத்தமாகக் கழுவிய பாதங்கள்.

அவன்தான் கழுவினான். அன்று ஜீப்பருகே, யாரோ கொண்டுவந்த ஒரு செம்புத் தண்ணீரில்.

மேலே வந்துவிட்டான். இனி தளர வேண்டும். விளிம்பில் ஆள் ஏறியதும் பிடிப்பவர் தளர்த்துவார்.

தளரவில்லை.

வாங்கிக்கொண்டே இருந்தது. மார்பில் கட்டிய சுற்று ஒரு விரல் உள்ளே போனது. இன்னொரு விரல். விலா. மூச்சு பாதி வந்தது. பிறகு கால்வாசி. கம்பளியின் வாடை வந்தது. மேலும் கீழும் குலுங்கியது. யாரோ இரண்டு பேர் இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தான். வந்த குரல் அவனுடையது. வந்த சொல் அவனுடையது இல்லை. அன்று ஓடைத் திருப்பத்தில், அவர்கள் நிற்காமல் ஓடியபோது, முன்னால் கம்பு சுமந்தவனின் முதுகைப் பார்த்து அவள் கடைசியாகச் சொன்னது அது.

"கயிறு இறுக்குது. கொஞ்சம் தளத்தி விடுங்க."